ஸ்பைக்கா, ரப்பரா? ஸ்பீக்கருக்குக் கீழே நடக்கும் அதிர்வுக் கணக்கு

ஹோம் தியேட்டர் செட் வாங்கி ஹாலில் வைத்தவருக்குச் சில வாரங்களில் ஒரு குழப்பம் வந்து சேரும். கூரான உலோக ஸ்பைக் மேல் ஸ்பீக்கரை நிறுத்தினால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, இறுக்கமாகும் என்று ஒரு யூடியூப் வீடியோ அடித்துச் சொல்லும். ஸ்பைக்கைக் கழற்றிவிட்டு ரப்பர் பாதம் மாட்டினால்தான் பேஸ் தெளியும் என்று அடுத்த வீடியோவும் அதே அளவுக்கு அடித்துச் சொல்லும். கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். ஸ்பைக்கின் வேலை ஸ்பீக்கரைத் தரையோடு பிணைப்பது. ரப்பரின் வேலை தரையிலிருந்து பிரிப்பது. நேரெதிரான இரண்டு வேலைகளுக்கு ஒரே பலன் எப்படி வரும்?

ஸ்பீக்கர் எதன்மேல் நிற்கிறது என்பதில் பாதி விடை இருக்கிறது. வைத்த ரப்பர் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்பதில் மீதி இருக்கிறது. இரண்டாவதை எந்த விளம்பரமும் பேசுவதில்லை.

அதிர்வு கிளம்பும் இடங்கள்

1. எதிர்விசை. ஸ்பீக்கரில் காற்றைத் தள்ளும் கூம்பு வடிவத் தகடான கோன் முன்னே பாயும்போது, அதைத் தள்ளிவிட்ட காந்தமும் பெட்டியும் பின்னே தள்ளப்படும். நியூட்டனின் மூன்றாம் விதிதான், வேறொன்றுமில்லை. அந்த உதை எவ்வளவு பெரிது என்று பார்க்க ஒரு 12 அங்குல சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரை (சுருக்கமாகச் சப்), எடுத்துக்கொள்வோம். அதில் அசையும் பாகத்தின் எடை 150 கிராம் என்று வையுங்கள். 40 ஹெர்ட்ஸில் அது நடுநிலையிலிருந்து 5 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் ஆடினால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 100 டெசிபல் சத்தம் கிடைக்கும். அப்போது பெட்டியின் மேல் விழும் எதிர்விசை உச்சத்தில் 47 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 5 கிலோ எடையால் பெட்டியை நொடிக்கு 40 தடவை முன்னும் பின்னும் தள்ளுவது போல. பெட்டி 20 கிலோ இருந்தால் அது அசைவது 0.04 மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. ஒரு நோட்டுத் தாளின் தடிமனில் பாதிகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாது, கையை வைத்தால் நன்றாகவே தெரியும்.

2. பெட்டியின் பலகைகள். உள்ளே அழுத்தம் ஏறி இறங்குவதால் பக்கப் பலகைகள் மெல்ல உப்பி ஒடுங்கும். பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில், அதாவது மனிதக் குரல் இருக்கும் இடத்திலேயே, இது உச்சம் பெறும். பெட்டியை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: "டக்" என்று செத்த ஒலி வந்தால் நல்ல பெட்டி, "டொங்" என்று நீண்டால் மெல்லிய பலகை.

3. காற்று. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். 100 டெசிபல் என்பது சராசரியாக 2 பாஸ்கல் அழுத்தம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரைப்பரப்பு சுமார் 11 சதுர மீட்டர். அறை முழுவதும் அதே சத்தம் நிறைந்தால், தரையின் மேல் மட்டும் விழும் விசை உச்சத்தில் 31 நியூட்டன், அதாவது 3 கிலோ எடை. சுவருக்கும் கூரைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் இதே போலத் தனித்தனியாக உண்டு.

முதலாவதையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால் வழியாகப் போகும் விசையும் காற்று வழியாகப் போகும் விசையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஸ்பீக்கருக்குக் கீழே நாம் வைக்கும் எதுவாக இருந்தாலும் கால் வழியை மட்டுமே தடுக்கும். காற்று வழி அப்படியே திறந்து கிடக்கும். பெரிய எதிர்பார்ப்போடு பாதம் வாங்கியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

வீணைக் குடம் செய்யும் வேலை

0.04 மில்லிமீட்டர் அசைவு எப்படிக் காதில் விழும் சத்தமாகிறது? வீணையைப் பாருங்கள். தந்தி மிக மெல்லியது, அது தள்ளும் காற்று சொற்பம். தந்தியின் அதிர்வு, அதைத் தாங்கும் குதிரை வழியாகப் பலா மரக் குடத்துக்குப் போய், அகன்ற பரப்பு முழுவதும் அதிர்ந்த பிறகுதான் கச்சேரிக்கு ஆகும் நாதம் வருகிறது. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்றை டிவி யூனிட்டின் மேல் வைக்கும்போது நடப்பதும் இதுதான். பிளைவுட் பலகை, அதற்குக் கீழே வெற்றுப் பெட்டி, முன்னால் ஒரு கதவு. அச்சு அசலாக ஒரு குடம். வீணைக்கு அது வரம். இங்கே, படத்தில் பேசுகிற நடிகரின் குரலோடு டிவி யூனிட்டும் கூடவே ஹம் செய்கிறது.

இன்னொரு காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. தாழ்ந்த சுருதியில் காது மந்தம். 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் என்பது தாழ்ந்த குரலில் பேசும் அளவுக்குக் கேட்கும். அதே அளவு சத்தமாகத் தோன்ற 40 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 82 டெசிபல் வேண்டும். சப்வூஃபர் 82 டெசிபலில் 40 ஹெர்ட்ஸ் உறுமும்போது, ஷோகேஸ் கண்ணாடியோ தளர்ந்த கீலோ அதோடு சேர்ந்து சில நூறு ஹெர்ட்ஸில் வெறும் 45 டெசிபலில் கிறுகிறுத்தால் போதும், இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும். அளவுமானியில் அந்தக் கிறுகிறுப்பு ஒன்றுமே இல்லை. காதில் அதுதான் முன்னால் நிற்கும்.

சப்வூஃபரை எங்கே வைத்தாலும் தெரியாது என்பார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் நீளம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். அறைக்குள் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் பிடிக்க முடியாது என்பதால் பெரும்பாலும் அது உண்மை. சப் மூலையில்தான் இருக்கிறது என்று உங்களால் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்ட முடிகிறதென்றால், பல நேரம் காரணம் சப் அல்ல, பக்கத்தில் கிறுகிறுக்கும் ஏதோ ஒன்று. அதை அடக்கினால் சப் "மறைந்துவிடும்". அதிர்வைப் பிரித்ததும் சத்தம் மேம்பட்டது என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் கேட்டது இந்த மாற்றத்தைத்தான் என்பது என் கணிப்பு.

பிரிப்பது என்றால் என்ன: அமுங்கல் கணக்கு

ஸ்பீக்கர் ஒரு எடை. கீழே வைக்கும் ரப்பரோ நுரையோ ஒரு ஸ்பிரிங். எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்தால் அந்த ஜோடிக்கென்று ஒரு சொந்த ஆட்ட வேகம் வந்துவிடும். தட்டிவிட்டால் அந்த வேகத்தில்தான் ஆடும். இதை இயல் அதிர்வெண் என்பார்கள். மொத்த விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது:

1. இயல் அதிர்வெண்ணுக்கு வெகு கீழே வரும் அதிர்வு, ரப்பரே இல்லாதது போலத் தரைக்குப் போய்விடும்.

2. இயல் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில் வரும் அதிர்வு கூடுதலாகப் போகும். ஆம், கூடுதலாக.

3. இயல் அதிர்வெண்ணைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுப்பு தொடங்குகிறது. 2 மடங்கில் மூன்றில் ஒரு பங்கும், 3 மடங்கில் எட்டில் ஒரு பங்கும் மட்டுமே தரைக்குப் போகும். ஸ்பிரிங் அதிர்வை உறிஞ்சும் குணம் கொண்டதாக இருந்தால் உச்சத்தில் ஆட்டம் அடங்கும், ஆனால் மேலே தடுப்பு சற்றுக் குறையும்.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். பிழிய ஆரம்பிக்கும்போது டிரம் ஒரு குலுக்குக் குலுக்கும். வேகம் ஏறியதும் சாந்தமாகிவிடும். நிற்கப் போகும்போது மறுபடி ஒரு குலுக்கு. ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம்மின் இயல் அதிர்வெண்ணைக் கடக்கும் கணங்கள்தான் அந்த இரண்டு குலுக்கல்களும்.

சரி, நம் ரப்பர் பாதத்தின் இயல் அதிர்வெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கருவியே வேண்டாம். ஸ்பீக்கரைத் தூக்கி வைத்ததும் பாதம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்தால் போதும். மில்லிமீட்டரில் வரும் அமுங்கலின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் இயல் அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும்.

அமுங்கல் 0.1 மில்லிமீட்டர் என்றால் 50 ஹெர்ட்ஸ்.
1 மில்லிமீட்டர் என்றால் 16 ஹெர்ட்ஸ்.
2.5 மில்லிமீட்டர் என்றால் 10 ஹெர்ட்ஸ்.
5 மில்லிமீட்டர் என்றால் 7 ஹெர்ட்ஸ்.

இந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஹோம் தியேட்டர் சப் ஒன்று 25 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்றால், அங்கேயே ஓரளவு தடுப்பு கிடைக்க இயல் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்க வேண்டும். அதற்கு இரண்டரை மில்லிமீட்டராவது அமுங்க வேண்டும். கெட்டியான கறுப்பு ரப்பர் பாதம் ஒன்று, சப்பை மேலே வைத்தும் 0.2 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது என்று வையுங்கள். அதன் இயல் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ். படத்தில் குண்டு வெடிக்கும் அதே பகுதியில் அது அதிர்வைத் தடுக்காது, ஊக்கிவிடும். "ரப்பர் வைத்த பிறகு பேஸ் அதிகமானது மாதிரி இருக்கிறது" என்று சிலர் சொல்வதில் கற்பனை இல்லாமலும் இருக்கலாம்.

நடைமுறையில் இன்னும் மூன்று சங்கதிகள் குறுக்கே வரும்.

முதலாவது எடைப் பொருத்தம். 20 கிலோ சப்புக்கு நான்கு பாதம் என்றால் ஒவ்வொன்றும் 5 கிலோ சுமக்கும். அதே நான்கு பாதங்களை 4 கிலோ புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு வைத்தால் அவை அசைந்துகூடக் கொடுக்காது. மறுபக்கம், தாங்க முடியாத எடை ஏறினால் முழுவதும் நசுங்கிக் கல்லாகிவிடும். நல்ல தயாரிப்பாளர்கள் இத்தனை கிலோ முதல் இத்தனை கிலோ வரை என்று போடுவது இதனால்தான். கனடாவின் ஐசோஅக்கூஸ்டிக்ஸ் நிறுவனம் தன் கையா வகைப் பாதங்களை மூன்று எடை வரம்புகளில் விற்கிறது. எடை வரம்பே போடாத பாதத்தை நான் வாங்கமாட்டேன்.

இரண்டாவது வடிவம். ரப்பர் நுரையைப் போல உள்ளுக்குள் சுருங்காது. மேலே அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கியாக வேண்டும். அகலமான மெல்லிய ரப்பர் ஷீட்டுக்குப் பிதுங்க இடமில்லை, ஆகவே அமுங்காது. ஏசி அவுட்டோர் யூனிட்டுக்குக் கீழே வைக்கும் ரப்பர் கட்டையில் வரி வரியாகப் பள்ளம் வெட்டியிருப்பது அழகுக்கு அல்ல, பிதுங்க இடம் கொடுக்கத்தான். சப்புக்குக் கீழே முழு ரப்பர் பாயை விரிப்பதைவிட அதையே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி நாலு மூலையில் வைப்பது மேல்.

மூன்றாவது, ரப்பர் ஓய்வில் இருக்கும்போதைவிட அதிரும்போது விறைப்பாக நடந்துகொள்ளும். மேலே சொன்ன கணக்கில் வரும் எண்ணைவிட உண்மையான இயல் அதிர்வெண் கொஞ்சம் கூடவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஸ்பைக் எதற்கு?

ஸ்பைக் பிறந்தது கம்பளம் விரித்த வீடுகளுக்காக. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தடித்த கம்பளத்தின் மேல் உயரமான டவர் ஸ்பீக்கரை வைத்தால் அது தள்ளாடும். கூர்முனை கம்பள இழைகளுக்கு நடுவே நுழைந்து கீழே உள்ள கெட்டித் தரையில் ஊன்றி நிற்கும். அந்த வேலைக்கு அதைவிட நல்லது கிடையாது.

அதிர்வைத் தரைக்கு வடித்துவிடும், திரும்பி வர விடாது என்று ஸ்பைக்குக்கு ஒரு பெருமை சொல்வார்கள். அந்த ஒருவழிப் பாதை இயற்பியலில் இல்லை. கெட்டியான உலோகக் கூர் அதிர்வை இரண்டு பக்கமும் ஒரே போலக் கடத்தும். கீழே உள்ள பரப்பு அசையாத கனமாக இருந்தால் ஸ்பீக்கர் திடமாக நிற்கும். கீழே உள்ளது மரப் பலகை என்றால் குடத்தின் மேல் குதிரையை நிறுத்தின கதைதான்.

நம் வீட்டு விட்ரிஃபைடு டைல்ஸ் மேல் ஸ்பைக் வைப்பதில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. 20 கிலோ எடை நான்கு முனைகளில் இறங்கி, ஒவ்வொரு முனையும் ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், அந்தப் புள்ளியில் 5 கிலோ. சும்மா நின்றால் டைல்ஸ் தாங்கும். பெருக்கும்போது ஸ்பீக்கரைக் கொஞ்சம் நகர்த்தினால் கீறல் நிச்சயம். கீழே ஒரு நாணயத்தை வைப்பது பலரும் செய்கிற எளிய வழி.

நம் ஹாலில் எங்கே பலன், எங்கே வீண்?

டவர் ஸ்பீக்கர், கான்கிரீட் தளம்: இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஐந்து அங்குலத் தடிமனுள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோ எடை இருக்கும். மேலே ஒட்டிய டைல்ஸும் மணலும் தனி. டவருக்குள் தாழ்ந்த ஒலி தரும் ஆறரை அங்குல ஊஃபரின் 15 கிராம் கோனின் உதைக்கு அது அசைந்து கொடுத்துப் பாடப் போவதில்லை. கான்கிரீட்டில் அதிர்வு நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், காற்றிலோ 340 மீட்டர் சொச்சம்தான், அதனால் தரை வழிச் சத்தம் முந்திக்கொண்டு வந்து காதைக் குழப்புகிறது என்று ஒரு வாதம் விளம்பரங்களில் வரும். வேகக் கணக்கு சரி. வந்து சேரும் அளவு எவ்வளவு சொற்பம் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆடாமல் நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு கால் தூக்கிக்கொண்டு டக் டக் என்று தட்டுவதுதான் டவரின் உண்மையான நோய்.

டிவி யூனிட், ஷெல்ஃப், மேஜை மேல் வைத்த ஸ்பீக்கர்கள்: பலன் அதிகம் கிடைப்பது இங்கேதான். சென்டர் ஸ்பீக்கரை முதலில் கவனியுங்கள். வசனத்தில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது, அது நிற்பதோ பெரும்பாலும் வெற்றுப் பெட்டியின் மேல். இங்கே 25 ஹெர்ட்ஸ் கவலை இல்லை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஆம்ப்ளிஃபயர் சப்புக்கு அனுப்பிவிடும். ஆகவே 20 முதல் 25 ஹெர்ட்ஸ் இயல் அதிர்வெண் உள்ள பாதமே போதும். அரை மில்லிமீட்டர் அமுங்கினாலே அந்த அளவு வந்துவிடும். விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை, மெத்தென்ற நாலு ரப்பர் துண்டு போதும்.

சப்வூஃபர்: தரையில் நிற்கிறது, பக்கத்தில் ஷோகேஸ் இருக்கிறது என்றால் ஓரளவு பலன் உண்டு. மரத் தளம், மெஸனைன் பலகை, சினிமாவுக்கென்று உயர்த்திக் கட்டிய மேடை என்றால் நிறையவே உண்டு. ஊஃபர் கீழ்நோக்கிப் பார்க்கும் வகை சப்பில் உதை செங்குத்தாகத் தரைக்கே விழுவதால் வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரியும். ஆனால் அந்த வகைக்குத் தரைக்கும் ஊஃபருக்கும் இடையே தயாரிப்பாளர் விட்ட இடைவெளி மாறக் கூடாது.

சுவரில் மாட்டிய சர்ரவுண்ட் ஸ்பீக்கர், அதுவும் நாலரை அங்குலச் சுவர் என்றால், திருகுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் ரப்பர் வாஷர் போடுவது நல்லது. தலைக்கு மேலிருந்து ஒலி தர ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த அட்மாஸ் ஸ்பீக்கர்களில் பிரச்சினை வேறு. அங்கே கிறுகிறுப்பது ஸ்பீக்கர் அல்ல, பலகையைத் தாங்கும் தகரச் சானலின் தளர்ந்த திருகு. பூச்சு முடியும் முன்பே கவனித்தால்தான் உண்டு.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இதைச் செய்து பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.

1. சுருதி எழுப்பும் செயலி ஒன்றைப் போனில் இறக்கி ஆம்ப்ளிஃபயரோடு இணையுங்கள். 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். வால்யூம் நடுத்தரமாக இருக்கட்டும். தொடர்ச்சியான தாழ்ந்த சுருதியை முழு வால்யூமில் விட்டால் ஊஃபரின் காயில் சூடாகும்.

2. எந்த எண்ணில் எது கிறுகிறுக்கிறது என்று ஒருவர் குறித்துக்கொள்ள, இன்னொருவர் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே அறையைச் சுற்ற வேண்டும். கை வைத்ததும் சத்தம் நின்றால் ஆள் அகப்பட்டான். ஷோகேஸின் நகரும் கண்ணாடி, சுவரில் தொங்கும் படச் சட்டம், ஏசியின் காற்றுத் தடுப்பு இதழ்கள், டியூப்லைட் பட்டி, ஜன்னல் கொக்கி, சாவி தொங்கும் பீரோ, பரணில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய எவர்சில்வர் அண்டாக்கள். வழக்கமான குற்றவாளிகள் இவர்கள்.

3. இப்போதுதான் முக்கியமான கட்டம். கிறுகிறுக்கும் அதே சுருதியை ஓடவிட்டு, சப்பை இரண்டு பேர் தூக்கித் தரையிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்திப் பிடியுங்கள். எடை அதிகமென்றால், நிறுத்திவிட்டு நாலாக மடித்த பழைய மெத்தைத் துண்டின் மேல் வைத்து மறுபடி ஓடவிடுங்கள். கீழ்நோக்கிய ஊஃபர் என்றால் மெத்தை அதை அடைத்துவிடும், தூக்குவதுதான் வழி.

4. கிறுகிறுப்பு நின்றுவிட்டால் அதிர்வு கால் வழியாகப் போகிறது. பாதம் வாங்கினால் பலன் உண்டு. நிற்கவே இல்லை என்றால் காற்று வழி. உலகத்தில் உள்ள எந்தப் பாதத்தை வாங்கினாலும் அது நிற்காது.

கான்கிரீட் தள வீடுகளில் இரண்டாவது விடை வருவதற்கே வாய்ப்பு அதிகம். அதற்கு மருந்து சப்பின் அடியில் இல்லை, கிறுகிறுக்கும் பொருளின் மேல் இருக்கிறது. படச் சட்டத்தின் பின்மூலைகளில் ஒட்டும் சின்ன ஃபெல்ட் பொட்டு, ஷோகேஸ் கண்ணாடியின் ஓடுபாதையில் ஒரு துண்டு வெல்வெட் பட்டை, அண்டாக்களுக்கு இடையில் பழைய துணி. எல்லாம் சேர்த்து ஒரு சினிமா டிக்கெட் காசு ஆகாது.

வீட்டிலேயே செய்துகொள்ள

கனமான கல்லும் மெத்தென்ற அடியும் சேர்ந்தால் நல்ல பிரிப்பான் கிடைக்கும். கிரானைட் கடையில் ஒதுக்கிப் போட்ட துண்டு ஒன்று, அதற்குக் கீழே நாலு மூலையில் மெத்தென்ற ரப்பரோ பாதியாக வெட்டிய டென்னிஸ் பந்தோ. கல் இரண்டு வேலை செய்கிறது: மொத்த எடையைக் கூட்டுவதால் இயல் அதிர்வெண் இறங்கும், அதே உதைக்குப் பெட்டி அசையும் அளவும் குறையும். அமுங்கலை அளந்து கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உயரமான டவரை இப்படி மெத்தென்ற எதன்மேலும் வைக்க வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டவே வேண்டாம். தலை கனத்த பொருள், ஸ்பிரிங் மேல் நின்றால் ஒரு தள்ளுக்குச் சாய்ந்துவிடும்.

மர மேல்பரப்பில் சிலிகான், ரப்பர், அதிர்வை உறிஞ்சும் மெத்தென்ற சோர்போதேன் போன்றவை கறை விடலாம். 2018-இல் ஆப்பிளின் ஹோம்பாட் வெளிவந்தபோது, எண்ணெய் பூசிய மர மேஜைகளில் அதன் சிலிகான் அடிப்பாகம் வெள்ளை வட்டம் பதித்தது செய்தியானது. பாலிஷ் போட்ட தேக்கு மேஜை என்றால் இடையில் ஒரு கண்ணாடித் துண்டையோ மெல்லிய பிளாஸ்டிக் தகட்டையோ வையுங்கள்.

கேட்டுப் பார்க்கும்போது ஒரு கண்ணி உண்டு. பாதம் வைத்ததும் ஸ்பீக்கர் ஓரிரு அங்குலம் உயர்கிறது, சில பாதங்களில் கொஞ்சம் சாய்கிறது. உயர்ந்த சுருதிகளை ஒலிக்கும் ட்வீட்டர் காதுக்கு நேராக வந்துவிட்டால் அந்த ஒரு காரணத்தாலேயே சத்தம் தெளிவாகும். அது பாதத்தின் சாதனை அல்ல. அதே உயரத்துக்கு இரண்டு புத்தகங்களை வைத்தும் ஒருமுறை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பாதத்தால் தீராத இரண்டு

பேஸ் "பூம்" என்று ஊதிக்கொண்டு நிற்கிறது, ஒரு சில ஸ்வரங்கள் மட்டும் மற்றவற்றைவிடப் பெரிதாக எழும்புகின்றன என்றால் அது பெரும்பாலும் அதிர்வுப் பிரச்சினை அல்ல. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி, அறையின் நீளத்துக்குப் பொருந்தும் சுருதியில் குவிந்து நிற்கிறது. 12 அடி நீளத்துக்கு அது 47 ஹெர்ட்ஸ் பக்கம், 10 அடிக்கு 56. சப்பைப் பட்டு மெத்தையில் படுக்க வைத்தாலும் இது குறையாது. இடத்தை மாற்ற வேண்டும். சப்பை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகக் குனிந்தும் தவழ்ந்தும் கேட்டுக்கொண்டே போங்கள். பேஸ் சமமாகக் கேட்கும் இடம் எதுவோ, சப்பை அங்கே கொண்டுபோய் வையுங்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். ஓரடி நகர்த்துவதில் கிடைக்கும் மாற்றம் எந்தப் பாதத்திலும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, கீழ்வீட்டுக்காரர். ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்பும் கொண்ட 5.1 அமைப்பில் உள்ள அந்த ".1" தடம் 120 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிக்கென்றே ஒதுக்கியது. மற்ற ஒவ்வொரு சானலையும்விட 10 டெசிபல் கூடுதலாக எழும்பும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அந்த ஒலியின் ஒரு பகுதி கால் வழியாகவும் ஒரு பகுதி காற்று வழியாகவும் தளத்துக்குள் இறங்குகிறது. கால் வழியை முழுவதும் அடைத்தாலும் காற்று வழியில் போவது கீழே கேட்கும். ஒலிப்பதிவு ஸ்டுடியோக்களில் அறைக்குள் இன்னோர் அறை கட்டி, அதன் தரையையே ஸ்பிரிங் மேல் மிதக்கவிடுவது இதற்காகத்தான். ஃபிளாட்டில் அது நடக்காது.

நடக்கக்கூடியவை சில உண்டு. ஆம்ப்ளிஃபயரில் இரவு நேரப் பயன்முறை இருந்தால் அதைப் போடுங்கள், வெடிச் சத்தம் தணியும், வசனம் அப்படியே இருக்கும். சப்பின் அளவை 5 டெசிபல் இறக்குங்கள். புதிதாகச் சப் வாங்கப் போகிறீர்கள் என்றால், இரண்டு ஊஃபர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்தபடி ஒன்றாக இயங்கும் வகையைப் பாருங்கள். ஒன்றின் உதையை மற்றது சரிக்கட்டிவிடுவதால், பெட்டி மேல் தண்ணீர் டம்ளர் வைத்தாலும் பெரிதாக அலை எழாது. கால் வழிக்கு இதைவிடச் சுத்தமான தீர்வு இல்லை, அடியில் எதுவும் வைக்க வேண்டியதும் இல்லை. காற்று வழிக்கு அந்த வகைச் சப்பும் எதுவும் செய்யாது. இரவு பத்து மணிக்கு மேல் ரிமோட்டைத்தான் நம்ப வேண்டும்.